மயிலாப்பூரில் பழைய ஃபிளாட்: நடக்கிறவர்கள் மட்டும் வாங்குங்கள்

மயிலாப்பூரில் வீடு வாங்கலாமா என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: காய்கறி வாங்க நடந்து போவீர்களா, இல்லை ஆப்பில் வரவழைப்பீர்களா? வரவழைக்கிற ஆள் என்றால் இங்கே பணத்தைப் போடாதீர்கள். இங்கே கொடுக்கிற பணத்தில் பெரும்பங்கு வாசலுக்கு வெளியே இருப்பதற்காகத்தான் போகிறது. உள்ளே கிடைப்பது சுமாரான, பழைய, லிஃப்ட் இல்லாத, கார் நிறுத்தத் தகராறு பண்ண வேண்டிய ஒரு ஃபிளாட். இதே பணத்துக்குப் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் நீச்சல்குளத்தோடு, இதைவிடப் பெரிய புது ஃபிளாட் வரும். நாங்கள் அந்தப் பக்கம் பல வருடம் வாடகைக்கு இருந்துவிட்டுத்தான் இங்கே வாங்கினோம், அதனால் இரண்டையும் வைத்துப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

எங்களுடையது கபாலீசுவரர் கோயில் மாட வீதிகளுக்கு மேற்கே ஒரு குறுக்குத் தெரு. எண்பதுகளில் கட்டிய மூன்று மாடிக் கட்டடம், இரண்டாவது மாடி, இரண்டு படுக்கையறை. எழுபதைத் தாண்டிய அம்மா, மனைவி, பள்ளிக்குப் போகும் மகள், நான். அம்மாவுக்கு இரண்டு மாடி ஏறுவது கஷ்டம்தான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் பழைய இடத்தில் லிஃப்ட் இருந்தும் அம்மா கீழே இறங்கியதே இல்லை, ஏனென்றால் இறங்கினால் போக ஒன்றும் இல்லை. இங்கே சாயங்காலம் ஆனால் தானே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். கிழக்கு கோபுர வாசலில் ஒரு பூக்காரம்மாவிடம் கணக்கே வைத்திருக்கிறார், அங்கே பத்து நிமிடம் கதை, பிறகு குளக்கரை, வரும் வழியில் தெற்கு மாட வீதியில் நாட்டுக் கத்தரிக்காயோ வாழைப்பூவோ பேரம் பேசி வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். எனக்கு அந்த ஒரு விஷயமே கொடுத்த விலைக்குப் போதும்.

மாட வீதிகளைச் சுற்றி நடந்து போகிற தூரத்தில் என்னென்ன இருக்கிறது என்பது வந்து குடியேறினால்தான் முழுசாகத் தெரிகிறது. கச்சேரி ரோட்டில் டப்பா செட்டி கடை, பிள்ளை பெற்றவளுக்கு வேண்டிய மருந்துச் சாமான் முதல் தீபாவளி லேகியம் வரை ஒரே இடத்தில். அருண்டேல் தெருவில் ராயர் மெஸ், காலையில் சீக்கிரம் போய்விட வேண்டும். கிழக்கு மாட வீதியில் கற்பகாம்பாள் மெஸ், பொன்னம்பல வாத்தியார் தெருவில் ஜன்னல் வழியே பஜ்ஜி கொடுக்கிற கடை, வெயில் நேரத்துக்குக் காளத்தி கடை ரோஸ்மில்க். லஸ் பக்கம் போனால் நாகேஸ்வர ராவ் பூங்கா, அமிர்தாஞ்சன் ஆரம்பித்த காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பெயரில் இருப்பது, காலை நடைக்கு அதைவிட நல்ல இடம் இந்தப் பக்கம் கிடையாது. ராமகிருஷ்ண மடம் நடந்தே போகலாம். கச்சேரி ரோட்டில் கிழக்கே நேராக நடந்தால் மசூதி, அதைத் தாண்டிச் சாந்தோம் தேவாலயம், அப்புறம் கடல். லூப் ரோட்டில் நொச்சிக்குப்பம் மீன் அங்காடி வந்த பிறகு மீன் வாங்குவதும் சுலபமாகிவிட்டது. மயிலாப்பூர் என்றாலே ஃபில்டர் காபியும் கச்சேரியும் மட்டும்தான் என்று எழுதுகிறவர்கள் இந்தக் கிழக்குப் பாதியைப் பார்ப்பதே இல்லை என்பது என் நீண்ட நாள் ஆதங்கம்.

பறக்கும் ரயிலுக்குத் திருமயிலை, முண்டகக்கண்ணி அம்மன் கோயில், மந்தைவெளி என்று மூன்று நிலையங்கள், வீடு எந்தப் பக்கம் இருந்தாலும் ஒன்று கிட்டத்தில் இருக்கும். மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் திருமயிலையில் இரண்டு வழித்தடங்கள் சந்திக்கப் போகின்றன, மாதவரத்திலிருந்து சிப்காட் போகிறது ஒன்று, கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி போகிறது மற்றொன்று. அது நல்லதுதான். ஆனால் அந்த வேலைக்காக லஸ்ஸைச் சுற்றி ரோட்டைத் திருப்பிவிட்டு, தடுப்புத் தகடு போட்டு, நடக்கிறவனை எங்கேயோ சுற்றவிடுகிற அவஸ்தை இருக்கிறதே, அதை வீடு பார்க்கிற அன்றைக்கே நடந்து பார்த்துவிடுங்கள். புரோக்கர் உங்களை வண்டியில் உட்காரவைத்து நேராக வாசலில் கொண்டுபோய் இறக்குவார். மறுத்துவிட்டு ரயில் நிலையத்திலிருந்து நடந்து போங்கள்.

நடக்கிற ஊர் என்று புகழ்கிறேனே தவிர, நடைபாதை நன்றாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. பாதி இடத்தில் நடைபாதையே இல்லை, இருக்கிற இடத்தில் டிரான்ஸ்ஃபார்மர், பைக், கடைச் சாமான். தெற்கு மாட வீதியில் சாயங்காலம் ஆட்டோவுக்கும் கீரைக் கட்டுக்கும் நடுவே உடம்பைச் சுருக்கிக்கொண்டுதான் போக வேண்டும். சக்கர நாற்காலியில் இருப்பவரை இங்கே தனியாக வெளியே அனுப்பவே முடியாது. இவ்வளவு பேர் நடக்கிற ஓர் இடத்தில் நடப்பதற்கென்று ஒழுங்காக ஓர் அடி அகலம்கூட ஒதுக்காமல் இருப்பது எனக்குத் தினமும் கோபம் வரவைக்கிற விஷயம்.

சரி, வீட்டுக்கு வருவோம். வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியதில் தலையானது மனை யாருடையது என்பது. கபாலீசுவரர் கோயிலுக்கு மயிலாப்பூரிலும் சுற்றிலும் நிறைய மனைகள் உண்டு. கட்டடம் ஒருவருடையது, அடியில் இருக்கிற மண் கோயிலுடையது, அதற்கு மாத வாடகை என்று இருக்கிற வீடுகள் இங்கே சகஜம். கோயில் நிலத்தை அறநிலையத் துறை அனுமதி இல்லாமல் விற்க முடியாது. நாங்கள் பார்த்த வீடுகளில் ஒன்று அப்படித்தான் வந்தது. விலை மற்றதைவிட நன்றாகவே குறைவு, வீடும் அருமை, முற்றம்கூட இருந்தது. 'மனை மேட்டர் கொஞ்சம் இருக்கு சார், பார்த்துக்கலாம்' என்றார் புரோக்கர். அந்தக் 'கொஞ்சம்' என்ற வார்த்தையைக் கேட்டதுமே எழுந்து வந்துவிட்டோம். விலை குறைவாக ஏதாவது வந்தால் முதலில் தாய்ப் பத்திரத்தை, அதாவது சொத்து யாரிடமிருந்து வந்தது என்று காட்டுகிற பழைய மூலப் பத்திரத்தைக் கேளுங்கள். வில்லங்கத்தை, அதாவது சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமான விவரத்தைப் பதிவுத் துறை இணையதளத்திலேயே பார்க்கலாம், குறைந்தது முப்பது வருடத்துக்குப் பாருங்கள். பட்டாவில் யார் பெயர் இருக்கிறது என்பதையும் தனியாகப் பாருங்கள். உங்களுக்கென்று ஒரு வக்கீலை வைத்துக்கொள்ளுங்கள், விற்கிறவர் சொல்கிற வக்கீல் வேண்டாம்.

அடுத்தது யூ.டி.எஸ்., அதாவது மனையில் உங்கள் பெயருக்கு எழுதப்படும் பிரிக்கப்படாத பங்கு. பழைய ஃபிளாட்டுக்கு உண்மையான மதிப்பு இதில்தான் இருக்கிறது. ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி. அதில் ஒன்றரை மடங்கு கட்டியிருந்தால் 3600 சதுர அடிக் கட்டடம், அதில் 900 சதுர அடி ஃபிளாட் வாங்கினால் உங்கள் பங்கு 600 சதுர அடி மண். அடுக்குமாடிகளை உயர உயரக் கட்டுகிற இடத்தில் இந்தப் பங்கில் பாதிகூடத் தேறாது. சுவருக்கு வயதாகிக்கொண்டே போகும், மயிலாப்பூர் மண்ணுக்கு மதிப்பு கூடிக்கொண்டே போகும். ஆகவே சதுர அடி விலையைக் கேட்டுவிட்டு மலைத்து உட்காராமல், அதே மொத்த விலையை யூ.டி.எஸ்.ஸால் வகுத்துப் பாருங்கள். ஒரே தெருவில் இரண்டு ஃபிளாட்டுக்கு நடுவே அதில் பெரிய வித்தியாசம் வரும். சில பழைய பத்திரங்களில் எல்லா ஃபிளாட்டின் பங்கையும் கூட்டினால் மனையின் மொத்தம் வராது, அதையும் கூட்டிப் பார்த்துவிடுங்கள்.

கட்டடம் எப்படி என்றால், கடல் பக்கம் என்பதால் உப்புக் காற்று. உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருத்து, மேலே இருக்கிற காங்கிரீட்டை உதிர்த்துவிடும். விற்பதற்கு முன்னால் பூசிப் பெயின்ட் அடித்துவிடுவார்கள், அதனால் வரவேற்பறையைப் பார்த்து ஒன்றும் தெரியாது. மாடிப்படிக்கு அடியிலும், பால்கனியின் அடிப்பக்கத்திலும், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழேயும் பாருங்கள். அங்கே பெயின்ட் அடிக்க மறந்திருப்பார்கள். எங்கள் கட்டடத்திலும் இரண்டு பால்கனிகளில் கம்பி தெரிந்தது, அதற்கு ஆகும் செலவை ஒரு இன்ஜினீயரை வைத்துக் கணக்குப் போட்டு விலையில் கழித்துத்தான் வாங்கினோம். இரும்புக் குழாய்களை முழுசாக மாற்ற வேண்டியிருந்தது. மின்சார வயரிங்கும் அப்படித்தான், ஏசி இல்லாத காலத்தில் போட்டது. பழைய கட்டடம் என்றால் வங்கியும் வயதைக் கேட்கும், இன்ஜினீயர் சான்று கேட்கும், கடன் கட்டுகிற வருடங்களைக் குறைக்கும். நாங்கள் முதலில் போன வங்கி பல வாரம் காகிதம் வாங்கி வாங்கி வைத்துவிட்டு, அப்புறம் கட்டடத்தின் வயதைக் காரணம் காட்டிக் கையை விரித்துவிட்டது. வயதை முதல் நாளே சொல்லியிருந்தோம். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே கடனுக்கு எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள்.

பதிவுச் செலவைச் சிலர் மறந்துவிடுகிறார்கள். மறுவிற்பனை ஃபிளாட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். இந்த 2 என்பது 2023 வரை 4 ஆக இருந்தது, அதைக் குறைத்தபோதே வழிகாட்டி மதிப்பை, அதாவது பதிவுக்காக அரசு நிர்ணயிக்கிற நில மதிப்பை ஏற்றினார்கள். விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் விற்பவருக்குக் கொடுக்கிற பணத்தில் 1 சதவீதத்தை டி.டி.எஸ். என்று பிடித்து வருமான வரித் துறைக்கு நீங்கள்தான் கட்ட வேண்டும், மயிலாப்பூரில் அதற்குக் கீழே என்ன கிடைக்கப் போகிறது!

தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் தெருவில் மெட்ரோ தண்ணீர், அதாவது குடிநீர் வாரியத் தண்ணீர் ஒழுங்காக வருகிறது, தரைக்கு அடியில் இருக்கிற சம்புத் தொட்டியும் பெரியது. கிணற்று நீர் கொஞ்சம் கரிப்பு. பக்கிங்காம் கால்வாயை ஒட்டிய தெருக்களில் கொசுவும் மழைக்காலத் தேக்கமும் அதிகம், அங்கே விலை குறைவாக இருப்பதற்குக் காரணம் உண்டு.

கார் வைத்திருப்பவர்களுக்கு இது கடினமான இடம். பத்திரத்தில் எழுதாத பார்க்கிங் உங்களுடையது இல்லை, யார் என்ன வாய்ப்பேச்சில் சொன்னாலும் சரி. பங்குனிப் பெருவிழாவில் தேர், மறுநாள் அறுபத்துமூவர் என்று வரும்போது மாட வீதிப் பக்கம் கார் வெளியே எடுக்கவே முடியாது. நாங்கள் எடுப்பதும் இல்லை, எங்கள் தெருவிலேயே தண்ணீர்ப் பந்தல், மோர், புளியோதரை என்று ஆளுக்கு ஒன்று செய்கிறோம். நவராத்திரிக்கு முன்னால் வடக்கு மாட வீதி முழுக்கப் பொம்மைக் கடை, மகள் வருடத்துக்கு ஒரு பொம்மை தேர்ந்தெடுத்து வாங்குகிறாள். மார்கழி விடியற்காலையில் கீர்த்தனைகள் எழுதிய பாபநாசம் சிவன் காலத்திலிருந்து வருகிற பஜனை மாட வீதிகளைச் சுற்றி வரும். சத்தம் பிடிக்காதவர்கள் இதையெல்லாம் தொந்தரவு என்பார்கள், அவர்கள் நான்கு மாட வீதிகளையும் விட்டு அபிராமபுரம் பக்கம் பார்ப்பது நல்லது, அங்கிருந்தும் நடந்து வரலாம்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மை இல்லை. வீடு தேடும்போது நீங்கள் என்ன சாப்பிடுவீர்கள், என்ன ஆட்கள் என்று சுற்றி வளைத்தும் நேராகவும் கேட்பார்கள். வாடகைக்கு மட்டும் இல்லை, விற்பவர்களும் கேட்கிறார்கள். ஒரு கட்டடத்தில் அசோசியேஷன் ஆள் ஒருவர் முகத்துக்கு நேராகவே கேட்டார், அந்த வீட்டை அதற்காகவே வேண்டாம் என்றோம். எங்கள் கட்டடத்தில் அந்தப் பேச்சு இல்லை. வாங்குவதற்கு முன்னால் மாடிப்படியில் எதிர்ப்படுகிற இரண்டு குடும்பத்தோடு பேசிப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

பழைய கட்டடம் என்றால் என்றைக்கோ ஒரு நாள் இடித்துக் கட்டுகிற பேச்சு வரும். தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமையாளர்களுக்கான 2022 சட்டம் 2024இல் நடைமுறைக்கு வந்த பிறகு, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானம் செய்யலாம், ஒருவர் மட்டும் முரண்டு பிடித்து நிறுத்த முடியாது. எங்களிடமும் பில்டர்கள் வந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். லிஃப்ட் வரும், பார்க்கிங் வரும், அம்மாவுக்கு நல்லது. ஆனால் கட்டி முடிக்கிற வரை எங்கே இருப்பது, இதே பகுதியில் வாடகை கொடுக்க பில்டர் ஒப்புக்கொள்வாரா என்பதுதான் எங்கள் கட்டடத்தில் இப்போது நடக்கிற விவாதம். நான் எழுத்தில் மூன்று விஷயம் கேட்டிருக்கிறேன்: வாடகை மயிலாப்பூர் விலைக்கு, யூ.டி.எஸ். எவ்வளவு குறையும் என்ற கணக்கு, தாமதமானால் மாதத்துக்கு இவ்வளவு என்ற அபராதம். இன்னும் எந்த பில்டரும் மூன்றாவதற்குக் கையெழுத்துப் போடவில்லை. நீங்கள் வாங்கப் போகிற கட்டடத்திலும் இப்படி ஒரு பேச்சு நடக்கிறதா, ஏற்கெனவே ஏதாவது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா என்று விற்பவரிடமும் அசோசியேஷனிடமும் தனித்தனியாகக் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.