லோ போவா, மிட் போவா: ஒரு லெஃப்ட் ஹாஃபும் இரண்டு ஹாக்கி மட்டைகளும்

எங்கள் வீட்டுச் செருப்பு அலமாரிக்குப் பின்னால் ஏறத்தாழ ஓராண்டுக் காலம் இரண்டு ஹாக்கி மட்டைகள் சாய்ந்து நின்றன. ஒன்று 95 விழுக்காடு கார்பன் கொண்டது. அதன் தண்டின் வளைவு, பந்தடிக்கும் கொக்கி போன்ற தலைக்கு மிக அருகில் விழும், அதாவது ஆட்டக்காரர்கள் 'லோ போ' என்று சொல்லும் வகை. மற்றது 50 விழுக்காடு கார்பன். வளைவு சற்று மேலே தள்ளி நடுப்பகுதியை ஒட்டி இருக்கும் 'மிட் போ' வகை. முன்னதற்கு 14,000 ரூபாயும் பின்னதற்கு 6,500 ரூபாயும் கொடுத்தேன். இரண்டும் ஒரே நீளம், ஏறக்குறைய ஒரே எடை என்பதால் ஒப்பிட்டுப் பார்ப்பது எளிதாயிற்று. வாரத்தில் மூன்று நாள் ஆடும், நாற்பதைக் கடந்த ஒரு லெஃப்ட் ஹாஃபின் (இடது ஓரத்தில் தற்காப்புக்கும் முன்வரிசைக்கும் இடையே ஆடுபவர்) கையில் இவற்றுள் எது தங்கியது, ஏன் தங்கியது என்பதே இங்கே செய்தி. தங்கியது விலை குறைந்த மட்டைதான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பது படிப்பவருக்குத் தெரிந்திருப்பது நல்லது.

விலை கூடிய மட்டையை வாங்கியதற்குக் காரணம் எழும்பூர்தான். 2023 ஆகஸ்டில் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை நடந்தபோது மூன்று ஆட்டங்களுக்குப் போயிருந்தேன். இறுதி ஆட்டத்தில் மலேசியாவிடம் 1–3 என்று பின்தங்கிக் கிடந்த இந்திய அணி, 4–3 என்று மீண்டு வென்றதைப் பார்த்துவிட்டு வந்த எவருக்கும் மறுவாரம் புது மட்டை வாங்கத் தோன்றாமல் இருக்காது. எதிரணியின் தவறுக்குக் கோலருகே கிடைக்கும் வாய்ப்பான பெனால்டி கார்னரில் ஹர்மன்பிரீத் சிங் குனிந்து பந்தை இழுத்து வீசும் அழகைத் தொடர் முழுவதும் பார்த்திருந்தேன். அந்த மயக்கத்தில், அப்படி இழுத்து வீசும் டிராக் ஃபிளிக்கை வாழ்நாளில் ஓர் ஆட்டத்திலும் முயன்று பார்க்காத நான், டிராக் ஃபிளிக்குக்கென்றே செய்யப்பட்ட மட்டையோடு வீடு திரும்பினேன்.

மட்டையின் விறைப்பு பற்றி முதலில் பார்ப்போம். பனித்தரையில் ஆடும் ஐஸ் ஹாக்கியில் இது வெளிப்படையாக ஓர் எண்ணாகவே மட்டையில் அச்சிடப்பட்டிருக்கும். 85 என்று போட்டிருந்தால், அந்த மட்டையை ஓர் அங்குலம் வளைக்க 85 பவுண்டு விசை வேண்டும் என்று பொருள். நம் ஹாக்கியில் அப்படி ஓர் எண் கிடையாது. கார்பன் விழுக்காட்டைத்தான் விறைப்பின் அடையாளமாக நாம் எடுத்துக்கொள்கிறோம். அதுவும் முழுக்கச் சரியன்று. அந்த விழுக்காடு, மட்டையில் உள்ள இழைகளில் கார்பனின் பங்கு எவ்வளவு என்று சொல்லுமே ஒழிய, இழைகளை எந்தத் திசையில், எத்தனை அடுக்காகப் படிய வைத்தார்கள் என்பதைச் சொல்லாது. மீதிப் பங்கு ஃபைபர் கிளாஸா, அதிர்வைக் குடிக்கும் அராமிடா என்பதைப் பொறுத்தும் கைக்குக் கிடைக்கும் உணர்வு மாறும். ஆகவே ஒரு நிறுவனத்தின் 50, இன்னொன்றின் 70-ஐ விட விறைப்பாகத் தோன்றினால் வியப்படைய வேண்டியதில்லை. ஒரே நிறுவனத்தின் வரிசைக்குள் ஒப்பிடும்போது மட்டும் இந்த எண் ஓரளவு நம்பத் தக்கது.

வளைவுக்கு விதி உண்டு. அதன் ஆழம் 25 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. அதன் உச்சம் தலையின் அடியிலிருந்து 200 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கக் கூடாது. வீட்டிலேயே அளந்து பார்த்துவிடலாம். சமையலறைக் கடப்பைக் கல் மேடையில், பந்தடிக்கும் தட்டைப் பக்கம் கீழே இருக்கும்படி மட்டையைக் கவிழ்த்து வைத்தால், தண்டுக்கும் கல்லுக்கும் இடையே வெளிச்சம் தெரியும். அந்த இடைவெளி எங்கே மிக அகலமாக இருக்கிறதோ அங்கேதான் வளைவின் உச்சம். என் லோ போவில் அது 200-ஐ ஒட்டியும், மிட் போவில் கிட்டத்தட்ட 270-லும் இருந்தது. ஏழு சென்டிமீட்டர் வேறுபாடு. இதற்கா இவ்வளவு பேச்சு என்று என் மனைவி கேட்டார். நியாயமான கேள்விதான், ஆனால் அந்த ஏழு சென்டிமீட்டர்தான் பந்தை அடிக்கும்போது தலை எந்தக் கோணத்தில் நிற்கும் என்பதைத் தீர்மானிக்கிறது.

நீளம், எடை, தலையின் வடிவம் ஆகியவற்றைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பெரியவர்களில் பெரும்பாலோருக்கு 36.5 அங்குலம் போதும், நல்ல உயரம் என்றால் 37.5. தலையில் நடுத்தர நீளம் கொண்ட 'மிடி' வடிவத்தை எடுத்தால் எந்த இடத்தில் ஆடினாலும் பழுதில்லை.

விறைப்பான மட்டைக்குச் சேர வேண்டிய பெருமையைக் குறைக்க மாட்டேன். அடியின் வேகத்தில் அது மறுக்க முடியாதபடி மேல். மைதானத்தின் அகலம் 55 மீட்டர். இடது ஓரத்தில் கிடைக்கும் ஃப்ரீ ஹிட்டை எதிர் ஓரத்தில் நிற்கும் ஆளுக்கு அனுப்புவது என் வேலைகளில் ஒன்று. 95 விழுக்காடு மட்டையில் அந்தப் பந்து வழியில் வேகம் இழக்காமல் போய்ச் சேர்ந்தது. மிட் போவில் அதே தூரத்துக்குத் தோளைக் கொஞ்சம் கூடுதலாகச் சுழற்ற வேண்டியிருக்கிறது. நடுவில் யாரேனும் குறுக்கிட்டு எடுத்துவிடுவதும் உண்டு. மட்டையைத் திருப்பி விளிம்பால் அடிக்கும் ரிவர்ஸ் ஹிட்டிலும் அப்படித்தான். அடியை மட்டுமே வைத்து மதிப்பெண் போடுவதென்றால் இந்தக் கட்டுரை இங்கேயே, வேறு முடிவோடு, முடிந்திருக்கும்.

ஆனால் ஓர் ஆட்டத்தில் நான் பந்தை ஓங்கி அடிப்பது எத்தனை முறை? ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை மகள் கைப்பேசியில் படம் பிடித்திருந்தாள். அன்றிரவு உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். முழு வீச்சில் அடித்தது ஒன்பது முறை. எனக்கு வந்த பந்தை மட்டையில் வாங்கியது அறுபத்து மூன்று முறை. வாங்கிய பந்து காலடியில் நின்றால்தான் அதற்குப் பிறகு அடியோ, தள்ளலோ, ஏமாற்றோ எதுவும். ஒரு ஹாஃபுக்கு மட்டை என்பது முதலில் பந்தை வாங்கும் கருவி, அப்புறம்தான் அடிக்கும் கருவி. இதை நான் இருபது வயதிலேயே அறிந்திருக்க வேண்டும்.

விறைப்பான மட்டை வளைந்து கொடுக்காது. வந்த பந்தின் வேகத்தைத் தனக்குள் வாங்கிக்கொள்ளாமல் பந்துக்கே திருப்பிக் கொடுத்துவிடும். பயிற்சி மிகுந்தவர்கள் பந்து படும் கணத்தில் பிடியைத் தளர்த்தி, மட்டையைப் பந்தோடு சேர்த்துச் சிறிது பின்னிழுத்து இதைச் சமாளிக்கிறார்கள். எனக்கும் அது தெரியும். தெரிவதற்கும் நாற்பது வயதுக் கை அதை உரிய கணத்தில் செய்வதற்கும் இடையே தூரம் இருக்கிறது. லோ போவோடு ஆடிய மாதங்களில், என் மட்டையில் பட்ட பந்து ஓரடி, ஒன்றரை அடி தள்ளித் தெறிப்பது வழக்கமாயிற்று. ஒன்றரை அடி என்பது எதிரணி ஃபார்வர்டுக்கு நாமே தட்டில் வைத்து நீட்டுவதற்குச் சமம்.

நாங்கள் ஆடும் தரை இந்தக் குறையை இரட்டிப்பாக்கியது. எழும்பூர் அரங்கின் நீலத் தரையில், தண்ணீர் தெளித்த பின், பந்து கோடு கிழித்தாற்போல் வரும். அங்கே விறைப்பான மட்டையும் ஓரளவு பொறுக்கத் தக்கதாகவே இருந்தது. எங்களுக்கு அந்தத் தரை எப்போதாவதுதான் கிடைக்கும். மற்ற நாளெல்லாம் ஒரு பள்ளி மைதானத்து மண் தரைதான். மாலையில் கிரிக்கெட் ஆடும் பையன்கள் ஸ்டம்ப் நட்ட குழிகளும், ஐப்பசி மழையில் பதிந்து தையில் கல்லாக இறுகிப் போன காலடித் தடங்களும் அங்கே நிரந்தரம். உருண்டு வரும் பந்து கடைசி ஒரு முழத்தில் எந்தப் பக்கம் துள்ளும் என்பது அதற்கே தெரியாது. துள்ளிய பந்து மட்டையின் நடுவில் படாமல் சற்று மேலே தண்டில் படும். அப்படிப் பட்டதையும் காலடியில் இறக்கிவிடும் மட்டைக்கும், இரண்டு கஜம் தள்ளி எறியும் மட்டைக்கும் உள்ள வேறுபாடு, ஆட்டம் ஆடியவர்களுக்கு விளக்காமலே புரியும்.

சந்தேகம் இருந்தால் எளிய சோதனை ஒன்று இருக்கிறது. மட்டையின் தட்டைப் பக்கம் வானத்தைப் பார்க்க, தரைக்கு இணையாக இரு கைகளாலும் சாதாரணப் பிடியில் பிடித்துக்கொண்டு, முழங்கை உயரத்திலிருந்து வேறொருவரைப் பந்தைக் கீழே விடச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் அந்த வேறொருவர் மகள். கார்பன் மட்டையில் விழுந்த பந்து ஒரு சாண் உயரத்துக்கு எழுந்து தரையில் குதித்தோடியது. மிட் போவில் நான்கு விரற்கடை எழுந்து மீண்டும் மட்டையிலேயே விழுந்தது. "அப்பா, அது டக்குன்னுது, இது தொப்புங்குது" என்றாள். ஆய்வுக்கூடத்துச் சோதனை அன்று. ஆனால் அந்த 'தொப்'புக்குத்தான் நான் 6,500 ரூபாய் கொடுத்திருக்கிறேன்.

அந்த இரண்டாவது மட்டையை வாங்கியது சென்னைப் பெரியமேட்டில். கடையில் இருந்தவர் எழுபதை எட்டியவர், பழைய ஆட்டக்காரர். நான் முதலில் வேறொரு லோ போவைத்தான் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எந்த எடத்துல ஆடறேப்பா?"

"லெஃப்ட் ஹாஃப் சார்."

"பெனால்டி கார்னர் யார் போடுவாங்க?"

"எங்க டீம்ல ஒரு காலேஜ் பையன் இருக்கான் சார்."

"அப்ப இத அவனுக்கு வாங்கிக் குடு. ஒனக்கு இது எதுக்கு?"

விற்பனைக்கு உதவாத அந்தக் கேள்வியைக் கேட்டதற்காகவே அவரிடம் வாங்கினேன்.

வளைவின் தாக்கத்தையும் சொல்ல வேண்டும். லோ போவில் கைப்பிடியை வழக்கமான நிலையில் பிடித்தாலும் தலையின் முகம் சற்று அண்ணாந்தே நிற்கும். பந்தைத் தூக்க அது உதவும். தரையோடு ஓட்டி அடிக்க உதவாது. கைகளைப் பந்துக்கு முன்னால் தள்ளி வைத்து அடித்தால் ஒழிய பந்து எழும்பிவிடும். நெருக்கத்தில் ஆள் நிற்கும்போது பந்து எழும்பினால் ஆபத்தான ஆட்டம் என்று நடுவர் ஊதிவிடுவார். ஒரே பருவத்தில் என் மீது இப்படி ஊதப்பட்ட விசில்கள் அளவுக்கு அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளிலும் ஊதப்படவில்லை. ஒரு முறை எங்கள் அணித் தோழரின் முட்டியிலேயே பட்டது. அவர் இன்றும் அதை எனக்கு நினைவூட்டத் தவறுவதில்லை.

டிராக் ஃபிளிக்கைப் பொறுத்தவரை என் பேச்சுக்குப் பெரிய எடை தர வேண்டாம். பெனால்டி கார்னரில் முதல் முயற்சி அடியாக இருந்தால் பந்து கோலின் 460 மில்லிமீட்டர் உயர அடிப்பலகைக்கு மேற்படாமல் கோல் கோட்டைக் கடக்க வேண்டும். ஃபிளிக்குக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை என்பதால்தான் அந்தக் கலைக்கு இவ்வளவு மதிப்பு. வளைவு தலைக்கு அருகில் இருந்தால் பந்து அந்தக் குழிவில் ஒட்டிக்கொண்டு கூடுதல் தூரம் இழுபட்டு, கவண் கல்லைப் போல வெளியேறுகிறது. மூன்று வாரம் முயன்றேன். இடுப்புப் பிடித்துக்கொண்டதால் விட்டுவிட்டேன். அந்த மூன்று வாரத்திலேயே, லோ போவில் பந்து மட்டையோடு தங்கியதும் மிட் போவில் பாதியிலேயே நழுவியதும் கைக்குத் தெரிந்தது. ஃபிளிக் அடிக்கும் ஆளுக்கு இந்த ஒப்பீட்டின் முடிவு தலைகீழாக மாறும் என்பதே என் எண்ணம்.

தேய்மானத்தில் எனக்கு ஓராண்டு அனுபவமே. மண் தரை இரண்டு மட்டைகளின் நுனியையும் பாரபட்சமின்றி உப்புத்தாள் போலத் தேய்த்தது. மட்டையோடு மட்டை மோதும்போதுதான் வேறுபாடு தெரிந்தது. கார்பன் மட்டையின் விளிம்பில் எட்டணா அளவுக்குச் சில்லு பெயர்ந்து, கறுப்பு இழைகள் துருத்திக்கொண்டு நின்றன. சொரசொரப்பான விளிம்போடு நடுவர் ஆட விடமாட்டார் என்பதால் அரால்டைட் பசை பூசி, காய்ந்த பின் தேய்த்துச் சமன் செய்தேன். மிட் போவில் அதே மாதிரி மோதல்கள் வெள்ளைத் தழும்பாக நின்றுவிட்டன. எந்த மட்டையானாலும் சித்திரை வெயிலில் காருக்குள் பூட்டி வைக்க வேண்டாம். இழைகளைப் பிடித்து வைத்திருப்பது பிசின்தான், வெப்பம் அதற்கு ஆகாது.

அரால்டைட் பூசிய அந்த மட்டையை எங்கள் கல்லூரிப் பையன் 5,000 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டான். பத்து மாதத்தில் ஒன்பதாயிரம் போயிற்று. கீறலே இல்லாமல் இருந்தாலும் பழைய மட்டைக்குப் பாதி விலைக்கு மேல் யாரும் தர மாட்டார்கள் என்று பெரியமேட்டுப் பெரியவர் சொன்னார். உள்ளே விரிசல் இருக்கிறதா என்பது வெளியே தெரியாது என்பதால் அந்த அச்சத்தில் நியாயமும் உண்டு. பையனுக்கு மட்டை ஒத்துப்போய்விட்டது.

நீங்கள் டர்ஃப் எனும் செயற்கைத் தரையில் மட்டும் ஆடுபவராக, வயது இருபதுகளில் இருப்பவராக இருந்தால் 70, 80 விழுக்காடு வரை போய்ப் பார்க்கலாம்; வளைவை மட்டும் நடுவிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். முதல் மட்டை வாங்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கு 20, 30 விழுக்காடே தாராளம். கடைக்குப் போகும்போது ஆட்டத்தில் பயன்படுத்தும் பந்து ஒன்றை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். பல கடைகளில் கையில் கொடுப்பது எடை குறைந்த பிளாஸ்டிக் பந்து. அதைப் போட்டுப் பார்த்தால் எல்லா மட்டையும் 'தொப்' என்றுதான் சொல்லும்.