அலமாரியைச் சுவரில் பொருத்த 5,900 ரூபாய் வாங்கிக்கொண்டு செய்த வேலை – குழந்தை உள்ள வீட்டார் கவனிக்கவும்

கோபத்தோடு எழுதுகிறேன், முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சின்னக் குழந்தை இருக்கும் வீடு என்றால் மட்டும் முழுசாகப் படித்துவிடுங்கள்.

பையனுக்கு ஒன்றரை வயது. எதைக் கண்டாலும் பிடித்து ஏறுகிறான். டிராயர் அலமாரி, புத்தக அலமாரி, துணி பீரோ, டிவி ஸ்டாண்ட் நான்கையும் சுவரோடு பொருத்திவிடலாம் என்று, வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு ஆப்பில் பதிவு செய்தேன். குழந்தைப் பாதுகாப்புக்கென்றே தனி பேக்கேஜ் வைத்திருக்கிறார்கள். 5,900 ரூபாய், மொத்தமும் முன்கூட்டியே. தெருமுனையில் கார்பென்டர் இருக்கும்போது இவ்வளவு எதற்கு என்று மாமியார் கேட்டார். பயிற்சி பெற்ற ஆள், தரமான சாமான், வாரண்டி என்று போட்டிருந்ததால்தான் கொடுத்தேன்.

வந்தவர் சீருடையில் வந்தார். தூசி விழாமல் கீழே பேப்பர் விரித்தார். பையனைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "எனக்கும் இதே வயசுல பொண்ணு இருக்கு மேடம், என் வீட்டுக்குச் செய்யற மாதிரி செஞ்சு தரேன்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் மனசு இறங்கிவிட்டது. அவருக்கு டீ போட உள்ளே போனேன். வேலை முடிந்ததும் அலமாரியின் மேல்விளிம்பைப் பிடித்து ஆட்டிக் காட்டினார். அசையவில்லை. "இனிமே தம்பி ஏறி நின்னாலும் ஒண்ணும் ஆகாது." ஐந்து ஸ்டார் கொடுக்கச் சொன்னார், அவர் எதிரிலேயே கொடுத்தேன்.

இப்போதுதான் புரிகிறது: டிராயர் எல்லாம் மூடியிருந்தால், ஒரு ஸ்க்ரூகூடப் போடாத அலமாரியும் அப்படித்தான் நிற்கும். இரண்டு மூன்று டிராயரைத் திறந்தால் எடை முன்பக்கம் வந்துவிடும். அதில் குழந்தை கால் வைத்தால் கவிழும். திறந்து வைத்து அவர் இழுத்துக் காட்டவே இல்லை.

போன வாரம் துணி அடுக்குவதற்காக மேல் டிராயர்களைத் திறந்து வைத்திருந்தேன். பையன் கீழ் டிராயரை இழுத்துக் காலை வைத்தான். அலமாரி அப்படியே முன்னால் சாய்ந்தது. நான் பக்கத்திலேயே இருந்ததால் தோள் கொடுத்துத் தாங்கினேன். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் தோள் இன்னும் கன்றிப்போய்க் கிடக்கிறது.

பின்னால் போய்ப் பார்த்தால், ஸ்க்ரூ பிடிப்பதற்காகச் சுவர்த் துளையில் செருகும் பிளக், ஸ்க்ரூ எல்லாம் மொத்தமாகக் கையோடு வருகிறது. எங்கள் அடுக்குமாடியில் செங்கல் சுவர் கிடையாது, உள்ளே காற்றுக் குமிழிகள் நிறைந்த லேசான சிமென்ட் கல், ஏ.ஏ.சி. பிளாக் என்பார்கள். அதில் செங்கலுக்குப் போடும் சின்ன பிளாஸ்டிக் பிளக்கும் ஒரு இன்ச் ஸ்க்ரூவும் போட்டிருக்கிறார். பூச்சிலேயே அரை இன்ச் போய்விடும், மீதி என்ன பிடிக்கும்? இந்தச் சுவருக்கென்றே தனி பிளக் கடையில் கிடைக்கிறது. டிரில் போடும்போது சிவப்புத் தூள் வராமல் வெளிறிய மாவு கொட்டியதைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

புத்தக அலமாரி இன்னும் மோசம். அலமாரியைச் சுவரோடு பிணைக்கும் கிளாம்பை மரச்சட்டத்தில் முடுக்காமல், பின்னால் அடித்திருக்கும் மெல்லிய ஹார்ட்போர்டில் முடுக்கியிருக்கிறார். இழுத்தால் கிழிந்து வருகிறது. இதற்கு 5,900 ரூபாய்!

ஆப்பில் புகார் போட்டால் முதலில் இயந்திரம் பேசுகிறது. போட்டோ கேட்டார்கள், அனுப்பினேன். வேறொருவர் வந்து மறுபடி அதே போட்டோவைக் கேட்டார். அப்புறம் "வாரண்டி 30 நாள்தான் மேடம், முடிஞ்சிடுச்சு" என்றார்கள். நான் விடாமல் கேட்டதும் "சுவரோட தரத்துக்கு நாங்க பொறுப்பில்லை" என்றார்கள். வேலை செய்தவர் அவர்களுடைய ஊழியரே இல்லையாம், 'பார்ட்னராம்'. பணம் மட்டும் அவர்கள் கணக்குக்குத்தான் போனது. கடைசியில் அடுத்த புக்கிங்குக்கு 300 ரூபாய் கூப்பன் தருவதாகச் சொன்னார்கள். என் பிள்ளை மேல் விழ வந்த அலமாரிக்குக் கூப்பன்!

மேற்பார்வையாளர் என்று பேசியவரிடம் சொன்னேன்: இது விளையாட்டு இல்லை. அலமாரி கவிழ்ந்து குழந்தைகள் இறந்ததால் 2016-இல் ஐகியா என்ற ஃபர்னிச்சர் கம்பெனி அமெரிக்காவில் மட்டும் 2.9 கோடி டிராயர் அலமாரிகளைத் திரும்பப் பெற்றது. 2022-இல் அங்கே இதற்கென்றே சட்டம் வந்தது. அவர் சொன்ன பதில்: "அது அமெரிக்கா மேடம்." இங்கே குழந்தை ஏறாதா? இங்கே அலமாரி விழாதா?

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். 5,900 ரூபாயும் திரும்பி வரும்வரை விடப்போவதில்லை.

விவரமாக ஆலோசனை எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. இதை மட்டும் செய்யுங்கள். உங்கள் சுவர் செங்கல்லா, பிளாக்கா என்று பில்டரிடமோ அசோசியேஷனிலோ கேட்டுவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். போடப்போகும் பிளக்கையும் ஸ்க்ரூவையும் முதலில் கையில் வாங்கிப் பாருங்கள், போட்டோ எடுத்து வையுங்கள். கிளாம்ப் அலமாரியின் சட்டத்தில்தான் ஏற வேண்டும். பக்கத்திலேயே நின்று, டிராயர்களைத் திறந்து வைத்து இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். கனமான சாமானைக் கீழ் டிராயரில் போடுங்கள், அலமாரி மேலே பொம்மை வைக்காதீர்கள். இதெல்லாம் முடியும்வரை ஸ்டார் கொடுக்காதீர்கள்.