இரண்டு பெயரையும் கேட்டு அச்சிடும் அச்சகம்

பெரியப்பாவின் பதினாறாம் நாள் பத்திரிகையை விருதுநகரில் ஒரு சிறிய அச்சகத்தில் அச்சிட்டோம். ஆதாரில் உள்ள பெயரைக் குறித்துக்கொண்ட உரிமையாளர், ‘ஊரில் அவரை எப்படிக் கூப்பிடுவார்கள்?’ என்று உடனே கேட்டு, ‘மணி’ என்ற பெயரைத் தடித்த எழுத்தில் முதலில் வைத்து, ‘(எ)’ போட்டு அதன்பின் முழுப்பெயரைச் சேர்த்தார். முழுப்பெயர் மட்டும் இருந்திருந்தால், சந்தையில் அவரோடு காலமெல்லாம் பழகியவர்களுக்கே இறந்தவர் யாரென்று விளங்கியிருக்காது. காமாட்சி என்று பெயரிடப்பட்டு, தாய் ‘ராஜா’ என்று அழைத்ததால் காமராஜர் ஆனவர் 1903-இல் பிறந்த ஊரில் இந்த அக்கறையைக் கண்டது எனக்கு மிகுந்த நிறைவு தந்தது. தாள் சற்று மெலிது. ஆனால் மெய்ப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பி, இரண்டு பெயர்களையும் எழுத்தெழுத்தாகச் சரிபார்க்கச் சொன்ன பிறகே அச்சேற்றுகிறார்கள்.