ரிப்போர்ட் அசல்தான், நாய்தான் வேறு: காக்கர் ஸ்பானியல் வளர்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

இங்கிலீஷ் காக்கர் ஸ்பானியல் வளர்க்கிறவர்கள், அதிலும் தங்கள் பெண் நாய்க்கு ஸ்டட், அதாவது இனச்சேர்க்கைக்கு ஆண் நாய், தேடிக்கொண்டிருப்பவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். என் வீட்டில் பிறந்த ஆறு குட்டிகளில் இரண்டு, இரண்டு வயதைப் பார்க்காமலேயே சிறுநீரகம் செயலிழந்து செத்துப்போயின. அந்த நோய்க்கு டெஸ்ட் இருக்கிறது. என் நாய்க்கு நான் எடுத்தேன், ஆண் நாயின் ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அப்படியும் ஏமாந்தேன்.

என் தேனுவுக்கு ஒரே ஒரு முறை குட்டி எடுக்கலாம் என்று முடிவானதும், முதல் வேலையாக அவள் கன்னத்தின் உள்பக்கத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்து டி.என்.ஏ. டெஸ்டுக்கு அனுப்பினேன். இந்த இனத்தில் ஃபெமிலியல் நெஃப்ரோபதி என்று ஒரு பரம்பரைச் சிறுநீரக நோய் உண்டு, எஃப்.என். என்று சொல்வார்கள். சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிகட்டும் மெல்லிய சவ்வு, நான்காம் வகை கொலாஜன் என்ற புரதத்தால் பின்னப்பட்டது. அந்தப் பின்னலின் ஓர் இழையை உண்டாக்கும் சி.ஓ.எல்.4ஏ4 மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறிப்போனால், இழை தொடக்கத்திலேயே அறுந்துவிடும். இதை டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2007-ல் வெளியிட்டார்கள். மனிதர்களுக்கு வரும் ஆல்போர்ட் நோயும் இதே வகைதான்.

தேனுவின் ரிசல்ட் 'கேரியர்' என்று வந்தது. கெட்டுப்போன மரபணு ஒன்று, நல்லது ஒன்று. அவளுக்கு இந்த நோய் வராது. ஆனால் அவள் குட்டிகளில் ஏறக்குறைய பாதிக்கு அந்தக் கெட்ட நகல் போகும். அப்பாவிடமிருந்தும் ஒரு கெட்ட நகல் சேர்ந்தால்தான் குட்டிக்கு நோய். அப்பா 'க்ளியர்', அதாவது இரண்டு நகலும் நல்லது, என்றால் ஒரு குட்டிக்குக்கூட வராது. கேரியர் நாயிடம் ஏன் குட்டி எடுத்தாய் என்று சிலர் என்னைத் திட்டினார்கள். அந்தக் கருத்தோடு எனக்கு இன்னமும் உடன்பாடில்லை. கேரியர்களையெல்லாம் ஒரேயடியாக ஒதுக்கினால் இனத்தின் ரத்தம் சுருங்கும், சுருங்கிய ரத்தத்தில் வேறு நோய்கள் தலைகாட்டும். கேரியரை க்ளியரோடு சேர்த்து, பிறக்கும் குட்டிகளை டெஸ்ட் செய்து, அவற்றில் க்ளியரை வைத்து அடுத்த தலைமுறையைக் கொண்டுபோவது சரியான வழிதான். ஆனால் அந்த வழி முழுக்க ஒரு சொல்லின் மேல் நிற்கிறது: எதிரில் நிற்கும் நாய் உண்மையிலேயே க்ளியர்.

ஸ்டட்டின் சொந்தக்காரர் இந்த வட்டாரத்தில் பல வருடம் பழகியவர். தேனு கேரியர் என்று நான் முதல் போனிலேயே சொல்லிவிட்டேன். "அதனால என்னம்மா, நம்ம பையன் க்ளியர். ரிப்போர்ட் அனுப்புறேன் பாருங்க" என்றார். அன்று மாலையே வாட்ஸ்அப்பில் வந்தது. பெயர் பெற்ற லேப், ரிப்போர்ட் எண், எஃப்.என். என்ற நோயின் பெயர், 'க்ளியர்' என்ற முடிவு, எல்லாம் இருந்தன. நாயின் தடுப்பூசிப் புத்தகத்தையும் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். நேரில் போனோம். கருப்பும் வெள்ளையும் கலந்த, பார்க்கப் பார்க்கத் தீராத அழகு. தேனுவை இரண்டு நாள் இடைவெளியில் இரண்டு முறை சேர்த்தோம், இரண்டு முறையும் நான் கூடவே நின்றேன். அதற்கு முன்னும் பின்னும் அவள் வேறெந்த ஆண் நாயின் பக்கமும் போகவில்லை.

ஆறு குட்டிகள் பிறந்தன. அப்பா க்ளியர் என்பதால் நோய்க்கு வழியே இல்லை, கேரியரா இல்லையா என்று பார்ப்பதை யாராவது குட்டி எடுக்க நினைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். நான் செய்த பெரிய தவறு இது. அன்றைக்கே ஆறுக்கும் எடுத்திருந்தால் எட்டாவது வாரத்திலேயே எல்லாம் தெரிந்திருக்கும்.

மிளகு என்ற கருப்புக் குட்டியை ஒரு இளம் தம்பதியிடம் கொடுத்திருந்தேன். அவனுக்கு ஒன்பது மாதமாகும்போது அந்தப் பெண் போன் செய்தாள். "அக்கா, மிளகு தண்ணியா குடிச்சுத் தள்றான். ராத்திரியில வீட்டுக்குள்ளயே போயிடறான். முன்னாடி அப்படிச் செய்யவே மாட்டான்." அடுத்த வாரம் வாந்தி. நான் போய்ப் பார்த்தபோது முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட்டது, முடி மினுமினுப்பு போய் வைக்கோல் மாதிரி இருந்தது. கிண்ணத்தில் இருந்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்து முடித்துவிட்டு, காலிக் கிண்ணத்தை நக்கிக்கொண்டே என்னைப் பார்த்தான்.

டாக்டர் முதலில் லெப்டோஸ்பைரோசிஸ் (எலிக்காய்ச்சல்) என்று சந்தேகப்பட்டார், அது இல்லை. சிறுநீர் தண்ணீர் போலத் தெளிவாக இருந்தது, ஆனால் அதில் புரதம் கொட்டிக்கொண்டிருந்தது. சிறுநீரில் புரதத்துக்கும் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளுக்கும் உள்ள விகிதம் 0.5-ஐத் தாண்டினாலே கவலைப்பட வேண்டும். இவனுக்கு அது பல மடங்கு. ரத்தத்திலும் கிரியேட்டினின் ஏறியிருந்தது. சிறுநீரகத்தின் வேலைத்திறனில் ஏறக்குறைய முக்கால் பங்கு போன பிறகுதான் ரத்தத்தில் அது தெளிவாக ஏறும் என்று டாக்டர் அன்று சொன்னார். அதாவது நாங்கள் கண்டுபிடித்தபோதே முக்கால்வாசி முடிந்துவிட்டது. "இந்த வயசுல இப்படி வந்தா பிறவியிலயே இருக்குன்னுதான் அர்த்தம். டி.என்.ஏ. பாத்துடுங்க" என்றார்.

எஃப்.என். இருக்க முடியாது, அப்பா க்ளியர் என்று நான் வாதாடினேன். ஆனாலும் ஆறு குட்டிகளுக்கும் அனுப்பினோம். இரண்டு அஃபெக்டட், மூன்று கேரியர், ஒன்று க்ளியர். அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அஃபெக்டட் என்றால் இரண்டு கெட்ட நகல். ஒன்று தேனு கொடுத்தது. இன்னொன்றை ஒரு க்ளியர் நாயால் கொடுக்கவே முடியாது.

அந்த மனிதரைக் கூப்பிட்டேன். முதலில் சாப்பாடு சரியில்லை என்றார். பிறகு, "கேரியர் உங்க நாய்தானே, என் நாய்மேல ஏன் பழி போடறீங்க?" என்றார். மறுபடி ஒரு சாம்பிள் மட்டும் எடுக்க விடுங்கள், செலவு என்னுடையது என்று கெஞ்சினேன். அன்று இரவு என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.

பிறகுதான் அவர் பழைய நாளில் அனுப்பிய இரண்டு போட்டோக்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். தடுப்பூசிப் புத்தகத்தின் முதல் பக்கத்தில், நாயின் தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப்பின் எண் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது, 15 இலக்கம். ரிப்போர்ட்டிலும் சிப் நம்பர் இருந்தது, 15 இலக்கம். ஒவ்வொரு எண்ணாகப் பேனாவால் காகிதத்தில் எழுதி ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்தேன். முதல் பதினொன்று ஒன்றாகவே இருந்தன. கடைசி நான்கு வேறு. இரண்டு படமும் மேட்டிங்குக்கு முன்பே என் போனில் இருந்தவை.

லேபுக்கு ரிப்போர்ட் எண்ணைக் குறிப்பிட்டு எழுதினேன். ரிப்போர்ட் தாங்கள் கொடுத்ததுதான், அதிலுள்ள சிப் நம்பரில் எந்த மாற்றமும் இல்லை என்று பதில் வந்தது. யாருடைய நாய் என்பதைச் சொல்ல மறுத்துவிட்டார்கள், அது அவர்கள் விதி. ஆக, ரிப்போர்ட் அசல். அந்த நாய் க்ளியராகவே இருக்கலாம். ஆனால் என் தேனுவோடு சேர்ந்தது அந்த நாய் இல்லை. ரிப்போர்ட்டின் அடியில் சிறிய எழுத்தில், சாம்பிள் எடுத்தவர் உரிமையாளர், அடையாளம் டாக்டரால் சரிபார்க்கப்படவில்லை என்ற வரியும் இருந்தது. நான் படிக்காமல் விட்ட வரி.

மிளகு பதினோரு மாதத்தில் போனான். அவன் தங்கை பட்டுவுக்கு அப்போது வெளியே ஒரு அறிகுறியும் இல்லை, சிறுநீரில் மட்டும் புரதம். எனலாப்ரில் மாத்திரை, பாஸ்பரஸ் குறைந்த சிறுநீரக உணவு என்று தொடங்கினோம். மருந்து நோயைக் கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவுதான், இதைக் குணமாக்க வழி கிடையாது. பதினாறு மாதம் இருந்தாள். அவளை வளர்த்த பெரியவர் கடைசிவரை என்மேல் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இனி ஸ்டட் பார்க்கப் போகிறவர்களுக்கு. கையில் சிப் ஸ்கேனர் இல்லையென்றால், மேட்டிங்குக்கு முன் இரண்டு நாய்களையும் ஒரு டாக்டரிடம் கொண்டுபோய், உங்கள் கண்ணெதிரே ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். திரையில் வரும் எண்ணை ரிப்போர்ட்டோடு கடைசி இலக்கம்வரை ஒப்பிடுங்கள். இதற்கு முகம் சுளிக்கிறவரிடம் போகவே போகாதீர்கள். முடிந்தால் டாக்டரை விட்டே புதிய சாம்பிள் எடுத்து உங்கள் பெயரில் அனுப்புங்கள். நாய்க்கு டெஸ்ட் எடுக்காமல், பெற்றோர் இருவரும் க்ளியர் என்பதை வைத்து 'பெற்றோர் வழி க்ளியர்' என்று சொன்னால், அந்தப் பெற்றோர்தான் அதன் பெற்றோர் என்பதற்கு டி.என்.ஏ. சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். அது இல்லாவிட்டால் அந்த வார்த்தைக்கு மதிப்பில்லை.

'கிட்னி டெஸ்ட் எடுத்தாச்சு' என்று யாராவது பொதுவாகச் சொன்னால் எந்த நோய்க்கு, எந்த மரபணுவில் என்று திருப்பிக் கேளுங்கள். இங்கிலீஷ் ஸ்பிரிங்கர் ஸ்பானியலுக்கும் இதே மரபணுவில்தான் கோளாறு, ஆனால் வேறு இடத்தில். காக்கருக்கான டெஸ்ட் அதைக் கண்டுபிடிக்காது. சாமோயெட் இன நாய்களில் கோளாறு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, ஆண் குட்டிகளைத்தான் கடுமையாகத் தாக்கும். புல் டெரியருக்கு வரும் நீர்க்கட்டிச் சிறுநீரக நோய்க்கு ஒரே ஒரு கெட்ட நகல் போதும், அங்கே நோயில்லாத கேரியர் என்ற பேச்சே இல்லை. ஷி ட்ஸூ, லாசா ஆப்ஸோ போன்ற இனங்களில் வரும் பிறவிச் சிறுநீரக வளர்ச்சிக் கோளாறுக்காக விற்கப்பட்ட ஒரு மரபணு டெஸ்டை நம்ப முடியாது, அது தேடும் மாற்றங்கள் நோயில்லாத நாய்களிலும் பரவலாக இருக்கின்றன. எனவே தாளில் 'க்ளியர்' என்று இருந்தால், அந்த ஒரு நோய்க்கு, அந்த ஒரு மாற்றத்துக்கு மட்டும் க்ளியர்.

குட்டிகளிடம் சாம்பிள் எடுக்கும்போது பால் குடித்த கையோடு எடுக்காதீர்கள். அம்மாவின் செல்கள் வாயில் ஒட்டியிருந்தால் ரிசல்ட் குழம்பும். கொஞ்ச நேரம் தனியே வைத்திருந்து எடுங்கள்.

காக்கர் குட்டி ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், பெற்றோரின் ரிப்போர்ட்டில் சிறு சந்தேகம் இருந்தாலும் ஐந்தாறு மாதத்திலேயே சிறுநீரில் புரதம் பாருங்கள். எஃப்.என். உள்ள குட்டிகளுக்கு ஏறக்குறைய ஐந்து முதல் எட்டு மாதத்துக்குள் புரதம் இறங்கத் தொடங்கிவிடும், அப்போது குட்டி வெளியே நன்றாக ஓடியாடிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் இரண்டு வயதுக்குள் சிறுநீரகம் செயலிழந்துவிடும்.

அந்த ஸ்டட்டை இன்னமும் மேட்டிங்குக்கு விடுகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். பெயரை இங்கே எழுத முடியாது. உங்களுக்கு எஃப்.என். க்ளியர் என்று ஒரு கருப்பு வெள்ளைக் காக்கரின் ரிப்போர்ட்டை யாராவது அனுப்பியிருந்தால், அதிலுள்ள சிப் நம்பரின் கடைசி நான்கு இலக்கத்தை எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். என்னிடம் உள்ள இரண்டு எண்களோடும் ஒப்பிட்டு அன்றைக்கே பதில் சொல்கிறேன்.