எய்ம்ஸ் அம்ரித் மருந்தகமும் ஸ்டென்ட் விலையும்

தில்லி எய்ம்ஸ் வளாகத்திலுள்ள அம்ரித் மருந்தகம், மத்திய அரசு நிறுவனமான எச்.எல்.எல். லைஃப்கேர் 2015 நவம்பரில் தொடங்கிய கடை வரிசையில் முதலாவது. புற்றுநோய், இதயநோய் மருந்துகளோடு ஸ்டென்ட் (இதய ரத்தக்குழாய் திறந்திருக்க அதனுள் வைக்கும் சிறு வலைக்குழாய்) போன்ற உடலுக்குள் பொருத்தும் கருவிகளும் இங்கே சந்தை விலையைவிடக் குறைவாகக் கிடைக்கின்றன. என் சித்தப்பாவின் ஆஞ்சியோபிளாஸ்டிக்கு, அதாவது இதய ரத்தக்குழாய் அடைப்பை நீக்கும் சிகிச்சைக்கு, வேண்டியவற்றை இங்குதான் வாங்கினோம். மருத்துவர் எழுதிய சீட்டைப் பார்த்து, ஒவ்வொரு பொருளின் விலையையும் தனித்தனியாகக் காட்டி, நாங்கள் கேட்ட கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லிய பிறகே பில் போட்டார்கள். தமிழ்நாட்டிலிருந்து சிகிச்சைக்கு வருவோர் இந்தி தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்வது நல்லது.

ஆயினும், நடு இரவில் மாரடைப்பு வந்து அருகிலுள்ள தனியார் மருத்துவமனையில் சேர்க்கப்படுபவர் இந்தக் கடைக்கு வந்து விலை விசாரிக்க முடியாது. அவரைக் காப்பது விலை உச்சவரம்புதான். ஒரு லட்சம் ரூபாய்க்கு மேலும் விற்றுவந்த மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய், வெறும் உலோக ஸ்டென்ட்டுக்கு 7,260 ரூபாய் என்று தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2017 பிப்ரவரியில் வரம்பு விதித்தது. இறக்குமதியாளர், விநியோகஸ்தர், மருத்துவமனை என்று கைமாறிய இடமெல்லாம் ஏறிய லாபத்தை நோயாளியின் குடும்பமே சுமந்துவந்த நிலையில், அரசு தலையிட்டது முற்றிலும் சரி என்பதே என் உறுதியான கருத்து. அதே ஆண்டு ஆகஸ்டில் முழங்கால் மூட்டு மாற்று உறுப்புகளுக்கும் வரம்பு வந்தது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. முதலில் நாங்கள் அணுகிய ஒரு தனியார் மருத்துவமனை தந்த மதிப்பீட்டில் ஸ்டென்ட் விலை வரம்புக்குள்ளேயே இருந்தது. ஆனால் அடைப்பை விரிக்கும் பலூன், ரத்தக்குழாய்க்குள் செலுத்தும் மெல்லிய குழாயான கதீட்டர் ஆகியவற்றுக்கான தொகை அதையும் மிஞ்சியது. இவற்றுக்கு உச்சவரம்பு இல்லை. அதிகபட்ச சில்லறை விலையை ஆண்டுக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்தக் கூடாது என்ற விதி உண்டு என்றாலும், தொடக்க விலையே மிக உயர்வாக வைக்கப்படும்போது அந்த விதியால் என்ன பயன்? ஸ்டென்ட்டோடு சேர்ந்தே பயன்படும் இக்கருவிகளையும் அரசு வரம்புக்குள் கொண்டுவர வேண்டும்.

எந்த மருத்துவமனையானாலும், ஸ்டென்ட்டின் விலை, பெயர், தயாரிப்பாளர், பேட்ச் எண் ஆகியவை பில்லில் தனியாகக் குறிக்கப்பட வேண்டும் என்பது ஆணையத்தின் உத்தரவு. ஒட்டுமொத்தத் தொகையாகப் பில் தந்தால், பணம் கட்டுமுன் இவ்விவரங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் ஆணையத்திடம் புகார் அளிக்கலாம்.