வாக்குப்பெட்டியா, நீதிமன்றமா?

தன்பாலினத் திருமணத்தை அயர்லாந்து 2015இல் மக்களிடமே கேட்டது. கத்தோலிக்கர் பெரும்பான்மையாக வாழும் நாட்டில் 62 சதவீதம் ஆதரவு. தாய்வானிலோ 2017இல் அரசியலமைப்பு நீதிமன்றம் வழிவிட்டது. 2018 வாக்கெடுப்பில் பெரும்பான்மையினர் எதிர்த்தும் 2019இல் சட்டம் வந்தது.

வன்னியில் வாக்கெடுப்பு என்றால் இன்று தோல்விதான் என்பது என் கணிப்பு. அதற்காக மடு மாதாவுக்கும் வற்றாப்பளை அம்மனுக்கும் நேர்த்தி வைக்கும் சனத்தின் பக்தியைக் குறைசொல்ல மாட்டேன். அயர்லாந்தின் கத்தோலிக்கரும் பக்தர்கள்தாம். இங்கே தடை ஊர்வாய். பெற்றோருக்குச் சாமியைவிட அயலாரிடமே பயம் அதிகம்.

ஆகவே நீதிமன்ற வழிக்கே என் ஆதரவு. சிறுபான்மையின் உரிமையைப் பெரும்பான்மையிடம் கேட்டு வாங்குவதன் வலி தமிழருக்குத் தெரியாததா? ஆனால் திருமணம் பிறகு. தன்பாலின உறவைக் குற்றமாக்கும், பிரித்தானியர் விட்டுப்போன இலங்கைத் தண்டனைச் சட்டத்தின் 365அ பிரிவை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணல்ல என்று 2023இல் உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. முதலில் அந்தப் பிரிவு போகட்டும்.