மண்டபம் லேத் பட்டறை: பாய்ப்படகுக்காரர்கள் நம்பிப் போகலாம்

என் படகில், பாய்மர உச்சியிலிருந்து பின்முனைக்கு இறங்கும் கம்பிவடத்தை இழுத்து இறுக்கும் டர்ன்பக்கிள் (இரு முனையும் மரையுள்ள திருகு) உப்பேறி, திருக முடியாமல் இறுகிவிட்டது. கச்சான் காற்று பலக்கும்போது அந்த வடத்தை இறுக்கினால்தான் பாய்மரம் சற்று வளைந்து பாய் தட்டையாகும். இல்லையேல் படகு தாங்காமல் சாயும்.

பட்டறைப் பெரியவர் பார்த்தவுடனே சொன்னார்: "எவர்சில்வரோடு எவர்சில்வர் உரசினால் மரை கடித்துக்கொள்ளும், தம்பி." நடு உடலை வெண்கலத்தில் கடைந்தார், ஒரு முனைக்கு வலமரை, மறுமுனைக்கு இடமரை. விரல் நுனியால் கிரீஸ் தடவி, கடைசி மரைவரை ஓட்டிப் பார்த்த பிறகே கையில் கொடுத்தார். அருமையான வேலை! கூலியும் நியாயம்.

வடத்தில் ஓர் இழை அறுந்திருந்தாலும் முழுவடத்தையும் மாற்றச் சொல்வார். கேளுங்கள், உயிர் சம்பந்தப்பட்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளெல்லாம் பழுதுபார்ப்புக்கு வரும் அந்த நாட்களில் மட்டும் போகாதீர்கள்.